வெஸ்ட் டிஃபிப்ரிலேட்டர் துடிப்பை எப்படி எண்ணுது, தப்பா எண்ணிட்டா என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்ததுக்கப்புறம் உடம்புல மாட்டிக்கிற டிஃபிப்ரிலேட்டர் வெஸ்ட் குடுத்திருக்காங்க. அவர் கையில கட்டியிருக்க ஸ்மார்ட் வாட்ச் கொஞ்சம் வேகமா நடந்தாலே 130ன்னு காட்டுது, உட்கார்ந்தா உடனே 75. இந்த வெஸ்ட்டும் இதே மாதிரி தப்பா எண்ணி, நல்லா இருக்கும்போதே ஷாக் குடுத்துடாதா?"

நான் ஈசிஜி சிக்னல் ப்ராசஸிங்ல ரொம்ப வருஷமா வேலை பார்க்கறவன், டாக்டர் இல்ல. அதனால அப்பாவோட மருந்து, செட்டிங்ஸ் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன், மெஷின் எப்படி எண்ணுதுன்னு மட்டும் சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல அந்த வாட்ச் பயத்தை ஓரமா வைங்க. நடக்கும்போது துடிப்பை எண்ண வாட்ச் இதயத்தோட மின்சாரத்தை பார்க்கறது இல்ல, தோலுக்குள்ள வெளிச்சம் அடிச்சு ரத்தம் எப்ப கூடுது குறையுதுன்னு பார்த்து எண்ணுது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கை ஆடும், அந்த ஆட்டத்துல ரத்தமும் சேர்ந்து ஆடும், வாட்ச் உங்க அடியை எண்ணிட்டு அதையே துடிப்புன்னு காட்டிடும். நிமிஷத்துக்கு 130ன்னு காட்டுனது அநேகமா அப்பா வச்ச அடிதான். வெஸ்ட் ஈசிஜி பார்க்குது, அதுவும் ஒரு கோணத்துல இல்ல. லைஃப்வெஸ்ட்ங்கற பிராண்டுல மார்பை சுத்தி 4 எலக்ட்ரோடு, அதுல இருந்து 2 சேனல், முன்னாடி-பின்னாடி ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. அதனால வாட்சோட தப்பு இங்க அப்படியே வராது. ஆனா வெஸ்ட்டுக்கு சொந்தமா வேற தப்புகள் இருக்கு, அதை சொல்லாம விட்டா நான் உங்களை ஏமாத்துற மாதிரி ஆயிடும்.

இந்த வெஸ்ட் எதுக்குன்னா, அட்டாக் வந்து இதயம் ரத்தத்தை தள்ற சக்தி 35 சதவீதம் இல்ல அதுக்கும் கீழ போயிட்டவங்களுக்கு இதயத்தோட கீழறை (வெண்ட்ரிக்கிள்) திடீர்னு ரொம்ப வேகமா ஓடுற வெண்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவோ, தாறுமாறா நடுங்கி ரத்தத்தையே தள்ளாத ஃபிப்ரிலேஷனோ வர வாய்ப்பு கூட. உடம்புக்குள்ள வைக்கிற ஷாக் மெஷினான ஐசிடியை அட்டாக் ஆன உடனே வைக்கிறதில்ல, பொதுவா 40 நாள், ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணியிருந்தா 90 நாள், மருந்துல இதயம் தேறுதான்னு பார்ப்பாங்க. அந்த இடைவெளிக்கு காவல்தான் இந்த வெஸ்ட். லைஃப்வெஸ்ட்டுக்கு அமெரிக்க எஃப்டிஏ அனுமதி குடுத்தது 2001ல, அஷ்யூர்னு இன்னொண்ணு 2021ல வந்துச்சு.

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம். ஈசிஜில ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசி மாதிரி ஒரு கூர்மையான மேடு வரும், க்யூஆர்எஸ்னு பேர். அதுக்கப்புறம் மெத்துன்னு ஒரு டி வேவ். ரெண்டு ஊசிக்கு நடுவுல எத்தனை மில்லிசெகண்டுன்னு பார்த்து 60,000ஐ அதால வகுத்தா ரேட் வந்துடும். 750 மில்லிசெகண்டுன்னா 80. கணக்கு அஞ்சாம் கிளாஸ் கணக்குதான், எது ஊசி எது குப்பைன்னு பிரிக்கிறதுலதான் மொத்த கஷ்டமும் இருக்கு.

ஏன்னா தோல் மேல கிடைக்கிற அந்த சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட். எலக்ட்ரோடு தோலை தொடற இடத்துல தானா உருவாகுற டிசி வோல்டேஜ் 300 மில்லிவோல்ட் வரைக்கும் போகலாம்னு கணக்கு வச்சுத்தான் ஈசிஜி ஆம்ப்ளிஃபையரையே டிசைன் பண்றோம். அது அசையாம இருந்தா பிரச்சனை இல்ல, கழிச்சுடலாம். ஆனா எலக்ட்ரோடு ஒரு மயிரிழை நகர்ந்தா அந்த 300ல ஒரு துளி மாறும், அந்த துளியே நம்ம 1 மில்லிவோல்ட்டை முழுங்கிடும். ஆஸ்பத்திரில ஜெல் தடவி ஒட்டுற ஸ்டிக்கர் இந்த விஷயத்துல ராஜா, ஆனா மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்தா தோல் புண்ணாயிடும். அதனால வெஸ்ட்ல ஒட்டாத, ஜெல் இல்லாத காஞ்ச எலக்ட்ரோடு, துணியோட இறுக்கத்துல மட்டும் தோல் மேல நிக்குது. காஞ்ச தோல்ல காஞ்ச எலக்ட்ரோடுன்னா ஆரம்பத்துல சிக்னல் மோசமா இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு லேசா வேர்த்ததும் நல்லாயிடும். உடம்பு வேர்க்கறது ஒரு மெஷினுக்கு நல்லதுன்னு நான் சந்தோஷப்படற ஒரே இடம் இதான்.

சரி ஃபில்டர் போட்டு குப்பையை எடுத்துடலாமேன்னு தோணும். மூச்சு விடறதுனால வர ஏத்த இறக்கம் ரொம்ப மெதுவானது, அரை ஹெர்ட்ஸுக்கு கீழ (ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு எத்தனை தடவைன்னு), அதை எடுத்துடலாம். கரண்ட் லைன்ல இருந்து வர 50 ஹெர்ட்ஸையும் எடுத்துடலாம். தசை இறுகும்போது வர சலசலப்பு பெரும்பாலும் மேல இருக்கு, முக்கால்வாசி போயிடும். ஆனா உடம்பு அசைவுனால வர குப்பை இருக்கே, அது 1லேர்ந்து 10 ஹெர்ட்ஸ் வரைக்கும் உட்கார்ந்திருக்கும், க்யூஆர்எஸ்ஸும் அங்கதான் பாதி வீடு கட்டியிருக்கு. அதை வெட்டினா இதையும் வெட்டணும். ரொம்ப அழுத்தி ஃபில்டர் பண்ணா ஊசி மழுங்கி அகலமாயிடும், அகலமான ஊசின்னா மெஷினுக்கு வெண்ட்ரிக்கிள்ல இருந்து வர கெட்ட துடிப்போன்னு சந்தேகம் வரும், அதாவது சுத்தம் பண்ண போய் நாமளே ஒரு நோயை வரைஞ்சு வச்சுடுவோம்.

பல் தேய்க்கிறதை எடுத்துக்கங்க. கை முன்னும் பின்னும் செகண்டுக்கு 3, 4 தடவை போகும், நிமிஷத்துக்கு 180, 240. ஈசிஜில அது பார்க்க அச்சு அசல் வெண்ட்ரிகுலர் டாக்கிகார்டியா மாதிரியே இருக்கும், ஆஸ்பத்திரி மானிட்டர்ல பார்த்து நர்ஸ் ஓடி வந்தா பேஷன்ட் வாய்ல நுரையோட நிப்பார். மருத்துவ பத்திரிகைகள்ல கூட இது பத்தி எழுதியிருக்காங்க. வெறும் ரேட்டை மட்டும் நம்புற மெஷினா இருந்தா அப்பா தினமும் காலைல ஷாக் வாங்கணும்.

க்யூஆர்எஸ் கண்டுபிடிக்க எல்லாரும் மொதல்ல படிக்கிறது 1985ல பானும் டாம்ப்கின்ஸும் எழுதின முறை. சிக்னல்ல 5லேர்ந்து 15 ஹெர்ட்ஸை மட்டும் விட்டு, சரிவை எடுத்து, வர்க்கப்படுத்தி, ஒரு சின்ன ஜன்னல்ல கூட்டி, அது ஒரு எல்லையை தாண்டினா துடிப்பு. அந்த எல்லை நிலையா இருக்காது, சிக்னல் பெருசானா ஏறும், சின்னதானா இறங்கும். ஒரு துடிப்புக்கப்புறம் 200 மில்லிசெகண்டுக்குள்ள வர எதையும் எண்ணாது, 360க்குள்ள வந்தா டி வேவா இருக்குமோன்னு சரிவை பார்த்து சந்தேகப்படும், ரொம்ப நேரம் ஒண்ணும் வரலைன்னா திரும்பி போய் விட்டுப்போச்சான்னு தேடும். எம்ஐடி-பிஐஹெச்னு 48 பதிவு உள்ள ஒரு தரவுத்தொகுப்புல 99.3 சதவீதம் சரியா பிடிச்சுச்சு. நாற்பது வருஷம் ஆகியும் அதோட பேரன் பேத்திங்கதான் இன்னைக்கும் பல மெஷின்ல ஓடுது. ஆனா அந்த பதிவுகள் ஒட்டுற எலக்ட்ரோடுல எடுத்தது, அதோட 200 மில்லிசெகண்ட் விதிப்படி 300க்கு மேல எண்ணவே முடியாது. 99.3ங்கறது கேக்க நல்லா இருக்கு, ஆனா ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் துடிப்பு, அதுல 0.7 சதவீதம்னா 700 தப்பு. அந்த 700ம் நாள் பூரா சிதறி வந்தா ஒண்ணும் இல்ல, பத்து செகண்டுல கும்பலா வந்தாத்தான் ஆபத்து. இந்த மாதிரி மெஷினை எடை போடும்போது சராசரி துல்லியத்தை நான் பெருசா மதிக்கிறதே இல்ல, தப்பு எப்படி கூட்டம் சேருதுன்னுதான் பார்ப்பேன்.

ஒரு உதாரணம் போடறேன், நானே எழுதின எண்கள். அப்பாவுக்கு 80 ஓடுது, இடைவெளி 750. படியேறும்போது ரெண்டு இடத்துல குப்பை சிக்னல், அதாவது நாய்ஸ், புகுந்து இடைவெளியை உடைக்குது: 750, 750, 310, 440, 750, 750, 280, 470, 750. சராசரி எடுத்தா 583, அதாவது 103. ஆனா வரிசைப்படுத்தி நடுவுல உள்ளதை எடுத்தா 750, அதாவது சரியா 80. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க சராசரி எடுக்க மாட்டாங்க, மீடியன் எடுப்பாங்க. அப்பாடா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, இப்ப டி வேவ் உயரமா இருக்கற ஒருத்தரை எடுங்க, பொட்டாசியம் ஏறினா கூட டி வேவ் உயரும். மெஷின் ஒவ்வொரு டி வேவையும் துடிப்புன்னு எண்ணுதுன்னு வைங்க, 300, 450, 300, 450, 300ன்னு போகும். இதுல மீடியன் 300, அதாவது 200! சராசரி எடுத்திருந்தா கூட 160 பக்கம்தான் வந்திருக்கும், மீடியன் இன்னும் மோசமா மாட்டிவிட்டுச்சு. அப்ப என்ன பண்ணணும்னா எண்ணை விட்டுட்டு வடிவத்தை பார்க்கணும்: சின்னது பெருசு சின்னது பெருசுன்னு மாறி மாறி வருது, பக்கத்து பக்கத்துல உள்ள ரெண்டையும் கூட்டினா எப்பவும் 750, ஒண்ணு கூர்மையா ஒண்ணு மொண்ணையா இருக்கு. இது இதயம் ஓடுற ஓட்டமில்ல, ரெட்டை எண்ணிக்கை. பண்டில் பிரான்ச் பிளாக், அதாவது இதயத்துக்குள்ள மின்சாரம் போற பாதையில ஒரு கிளை அடைபட்டவங்களுக்கு க்யூஆர்எஸ்ஸே ரெண்டு கொம்போட அகலமா வரும், அங்கயும் இதே கூத்துதான்.

ஒண்ணுக்கு மேல சேனல் இருக்கறது இங்கதான் கை குடுக்குது. நிஜ துடிப்பு எல்லா சேனல்லயும் ஒரே நேரத்துல வரும், ஒரு எலக்ட்ரோடு உரசினா அந்த ஒரு சேனல்லதான் பெருசா ஆடும். அதனால ரெண்டு சேனலையும் நொடிக்கு நொடி பெருக்கி பார்க்கிற ஒரு யோசனை இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. துடிப்பு வந்த இடத்துல ஒண்ணுல 4 இன்னொண்ணுல 5ன்னா 20. நாய்ஸ் வந்த இடத்துல ஒண்ணுல 3 இன்னொண்ணுல 0.5ன்னா வெறும் 1.5. கூட்டினா இவ்ளோ வித்தியாசம் வராது. ஆனா ரெண்டு சேனலுக்கும் பொதுவா ஒரு எலக்ட்ரோடு இருந்து, அது ஆடினா, ரெண்டுலயும் சேர்ந்தே நாய்ஸ் வரும், பெருக்கல் அதையும் ஊதி பெருசாக்கிடும். இலவசமா எதுவும் கிடைக்காது. எந்த எலக்ட்ரோடு சரியா தொடலைன்னு சின்னதா ஒரு கரண்ட் விட்டு பார்த்து, அந்த சேனலை ஓட்டெடுப்புல இருந்து தள்ளி வைக்கிறதும் அதனாலதான்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் அதிகமா எண்ணுற கதை. கம்மியா எண்ணுற கதை அதை விட பயங்கரம், ஆனா யாரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா அதுல வலி இல்ல. ஃபிப்ரிலேஷன்ல க்யூஆர்எஸ்ஸே கிடையாது, கோடு புழு மாதிரி நெளியும், உயரம் நொடிக்கு நொடி மாறும். ஒரு பெரிய அலைக்கு எல்லையை உயர்த்தி வச்சுட்டா அடுத்த நாலு சின்ன அலை கணக்குல வராம போகும், 300 ஓடுறதை 90ன்னு எண்ணிட்டு மெஷின் நிம்மதியா உட்கார்ந்திருக்கும். சரின்னு எல்லையை ரொம்ப தாழ்த்தி, சிக்னலை ஊதி பெருசாக்கினா, இதயம் முழுசா நின்னுபோய் கோடு தட்டையா இருக்கும்போது நாய்ஸை ஃபிப்ரிலேஷன்னு நினைக்கும். அதனால 0.1 மில்லிவோல்ட் பக்கத்துல ஒரு தரை போட்டு அதுக்கு கீழ உள்ளதை எண்ணாம விடணும். பேஸ்மேக்கர் இருக்கறவங்களுக்கு இன்னொரு கண்ணி. ஃபிப்ரிலேஷன் ஓடும்போதும் பேஸ்மேக்கர் அது பாட்டுக்கு நிமிஷத்துக்கு 60, 70ன்னு தட்டிக்கிட்டே இருக்கலாம், அந்த தட்டு பெருசா தெரிஞ்சா வெஸ்ட் அதை துடிப்புன்னு எண்ணி எல்லாம் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடலாம். பேஸ்மேக்கர் இருந்தா வெஸ்ட் மாட்டும்போதே அதை சொல்லணும்னு சொல்றது இதுக்குத்தான்.

அப்ப மெஷின் எதை வச்சு முடிவு பண்ணுது? ரேட் வாசல் கதவு மாதிரி. லைஃப்வெஸ்ட்ல பொதுவா டாக்கிகார்டியாவுக்கு 150, ஃபிப்ரிலேஷனுக்கு 200, அஷ்யூர்ல 170, 200, டாக்டர் ஆளுக்கு தகுந்த மாதிரி மாத்துவார். கதவை தாண்டினா மத்த சோதனை. லைஃப்வெஸ்ட் மாட்டும்போதே அப்பாவோட சாதாரண துடிப்போட வடிவத்தை பதிஞ்சு வச்சிருக்கும், வேகமா ஓடும்போது வடிவம் அதே மாதிரி இருந்தா, அட இது மனுஷன் மாடி ஏறியிருக்கார்னு விட்டுடும். க்யூஆர்எஸ் அகலமா ஒல்லியா, ஒழுங்கா வருதா தாறுமாறா வருதா, ரெண்டு சேனலும் ஒரே கதையை சொல்லுதா, இதெல்லாம் பார்க்கும். அதுக்கப்புறமும் உடனே அடிக்காது. மொதல்ல அதிர்வு, அப்புறம் சைரன், அப்புறம் குரல். கண்டுபிடிச்சதுலேர்ந்து ஷாக் வரைக்கும் சாதாரணமா ஒரு நிமிஷத்துக்குள்ள. ஷாக் தாமதமாகுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் குறையும்னு சொல்வாங்க, அதனால ரொம்ப நேரம் யோசிக்கவும் முடியாது, அந்த சில பத்து செகண்டை செலவு பண்ணித்தான் நாய்ஸ் தானா ஓயுதான்னு பார்க்குது.

தப்பா ஷாக் அடிச்சது எவ்ளோன்னா, லைஃப்வெஸ்ட் போட்ட 2000 பேரை பின்தொடர்ந்த வியரிட்-2 பதிவேட்டுல 10 பேர், அதாவது 0.5 சதவீதம். 2018ல வந்த, வெஸ்ட்னே (VEST) பேர் வச்ச ஆய்வுல 0.6 சதவீதம். ஆக, நல்லா இருக்கும்போதே அடிச்சுடுமான்னு கேட்டீங்கன்னா, நடக்கலாம், ஆனா அபூர்வம்.

ஆனா எனக்கு ஷாக்கை விட அலாரம்தான் பெரிய கவலை. அந்த 2018 ஆய்வுல 2302 பேர், மூணுல ரெண்டு பங்குக்கு வெஸ்ட் குடுத்தாங்க. 90 நாள்ல லயக்கோளாறுனால வந்த சாவு வெஸ்ட் குரூப்ல 1.6 சதவீதம், குடுக்காத குரூப்ல 2.4, இந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்குல தேறல. வெஸ்ட் வேலை செய்யலைன்னு அப்ப நிறைய பேர் எழுதினாங்க. ஆனா வெஸ்ட் குரூப்ல இறந்துபோன 48 பேர்ல, இறந்த நேரத்துல வெஸ்ட் போட்டிருந்தது 12 பேர்தான். மத்தவங்க உடம்புல அது இல்லவே இல்ல. மனுஷன் ஏன் கழட்டுறான்? புழுக்கம், அரிப்பு, கனம், அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு படுக்கையில புரண்டதுக்கு கத்துற அலாரம். ரெண்டு தடவை பொய்யா கத்தினா மூணாவது ராத்திரி அது நாற்காலி மேலதான் தொங்கும். அதனால எண்ணிக்கை சரியா இருக்கணும்ங்கறது வெறும் இன்ஜினியர் கௌரவம் இல்ல, பொய் அலாரம் குறைஞ்சாத்தான் போட்டுக்குவாங்க, போட்டாத்தான் காப்பாத்தும். அஷ்யூரை சோதிச்ச ஆய்வுல பொய் ஷாக் அலாரம் 1333 நாளைக்கு ஒண்ணுன்னு வந்துச்சு, ஷாக்கை அணைச்சு வச்சுட்டு, ஏற்கனவே ஐசிடி உள்ள 130 பேர் மேல பார்த்தது. நல்ல திசைதான், ஆனா 130 பேர்ங்கறது சின்ன கூட்டம்.

உங்களால முடிஞ்சது என்னன்னா, சைஸ் சரியா இருக்கான்னு திரும்ப அளக்க சொல்லுங்க, அட்டாக்குக்கப்புறம் அப்பா எடை இறங்கியிருந்தா போன மாசம் சரியா இருந்தது இப்ப லூஸா இருக்கும், முக்காவாசி நாய்ஸ் அங்கேர்ந்துதான். எலக்ட்ரோடு நேரா தோல் மேல படணும், உள்ள பனியன் போட்டு அதுக்கு மேல மாட்டக்கூடாது. தோல்ல லோஷன், பவுடர் எதை தடவலாம்னு குடுத்தவங்ககிட்ட கேட்டுக்கங்க. குளிக்கும்போது கழட்டித்தான் ஆகணும், அந்த நேரம் கூப்பிடற தூரத்துல யாராவது இருங்க. அலாரம் அடிக்கடி வந்தா கழட்டி வைக்காம கம்பெனிக்கும் டாக்டருக்கும் சொல்லுங்க, மெஷின் ஒவ்வொரு அலாரத்தோட ஈசிஜியையும் பதிஞ்சு வச்சிருக்கும், அதை பார்த்தா டி வேவா, உரசலா, நிஜமான ஓட்டமான்னு தெரிஞ்சுடும், செட்டிங்கை மாத்த முடியும்.

கடைசியா ஷாக்கை நிறுத்துற ரெண்டு பட்டன். லைஃப்வெஸ்ட்ல அலாரம் அடிக்கும்போது ரெண்டையும் சேர்த்து அழுத்தினா ஷாக் நிக்கும். என்னை கேட்டா மொத்த மெஷின்லயே நம்பகமான சென்சார் அதுதான். ஃபிப்ரிலேஷன்ல இருக்கறவர் சில செகண்டுல நினைவு தப்பிடுவார், பட்டனை அழுத்த முடியாது. அழுத்த முடியுதுன்னா மூளைக்கு ரத்தம் போயிட்டு இருக்குன்னு அர்த்தம். எந்த அல்காரிதமும் ஈசிஜில இருந்து இவ்ளோ தெளிவா ஒரு பதிலை எடுக்க முடியாது. அதனாலதான் அதை அப்பா மட்டும்தான் அழுத்தணும். அவர் மயங்கி கிடக்கும்போது பக்கத்துல இருக்கற நீங்க சத்தத்துக்கு பயந்து அழுத்தினா, இவர் நினைவோட இருக்கார்னு மெஷின்கிட்ட நீங்க பொய் சொல்றீங்க, அது நம்பிடும். சைரன் அடிச்சா அவர் பேரை சொல்லி கூப்பிட்டு பட்டனை அழுத்த சொல்லுங்க, பதில் இல்லைன்னா கையை எடுத்துட்டு தள்ளி நில்லுங்க, ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க.